உறைவிடமும் பொறுப்பும்

மனிதன் வாழ்வதற்கு உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் இன்றியமையாதன என்று பெரியோர் கூறுவர். இவற்றுள் முன்னிரண்டிலும் நேரும் பிழையை விரைவில் திருத்திக்கொள்ளலாம். இன்றைய சோறு கெட்டுப்போயின் நாளை வேறு சமைக்கலாம். ஆடை கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். உறையுளில் நேரும் பிழை அத்துணை எளிதில் திருத்தக்கூடியதன்று. ஒருவன் தன் வாழ்நாள் உழைப்பையெல்லாம் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் மாற்றி ஓரிடத்தில் நிறுத்திவிடுகிறான். பின்னர் அவ்விடம் எத்தகையதோ அத்தகையதே அவன் குடும்பத்தின் கதியுமாகிறது.

அங்ஙனமிருக்க, மனை வாங்கச் செல்வோர் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். விலை யாது? பள்ளிக்கூடம் அருகில் உண்டா? பேருந்து வருமா? குடிநீர் கிடைக்குமா? இவை வேண்டிய கேள்விகளே. ஆயின், பெருமழை பெய்தால் இந்நிலம் என்னாகும், பூமி அசைந்தால் இச்சுவர் நிற்குமா, மலை சரிந்தால் எவ்வழியே ஓடுவது என்று கேட்போர் மிகச் சிலரே. இயற்கையின் சீற்றத்தை எண்ணிப் பார்த்து உறைவிடத்தைத் தேர்தல் வெறும் புத்திசாலித்தனமா, அன்றி அறக்கடமையா? கடமையெனின், அஃது எவருடைய கடமை? இதனையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

“என் பணம், என் உயிர், நான் எங்கு வாழ்ந்தால் பிறருக்கென்ன?” என்று ஒருவர் வினவலாம். தனித்து வாழும் துறவிக்கு இவ்வாதம் ஒருகால் பொருந்தலாம், இல்லறத்தானுக்குப் பொருந்தாது. அவ்வீட்டில் உறங்கும் குழந்தை அவ்விடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. படுக்கையிற் கிடக்கும் முதியவளும் தேர்ந்தெடுக்கவில்லை. வெள்ளம் சூழ்ந்த இரவில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கும் தீயணைப்புப் படையினனும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒருவர் தேர்வின் விளைவைப் பலர் சுமக்கின்றனர். பிறருக்குத் துன்பம் தரக்கூடிய செயல் எதுவாயினும் அஃது அறத்தின் ஆட்சிக்கு உட்பட்டதே. ஆகவே, இஃது அறக்கடமையே என்பதில் ஐயமில்லை.

இக்கடமையினின்றும் நழுவுவதற்கு மக்கள் இரண்டு வழிகளைக் கண்டுபிடித்துள்ளனர். முதலாவது, விதியின்மேல் பழியைப் போடுதல். 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் பெரும் பூகம்பம் நிகழ்ந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அப்பொழுது தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியார், தீண்டாமைப் பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனையே அது என்றார். தீண்டாமையை வெறுப்பதில் அவருக்குச் சற்றும் குறையாத கவி தாகூர் அக்கருத்தை மறுத்தார். பௌதிக நிகழ்ச்சிகளுக்குப் பௌதிகக் காரணங்களே உண்டென்று எடுத்துரைத்தார். இவ்வழக்கில் தாகூர் பக்கமே நியாயம் உள்ளது. ஏனெனில், தீண்டாமையைக் கைக்கொண்டவன் வீடும் அதனால் வருந்தியவன் குடிசையும் ஒருங்கே வீழ்ந்தன. இன்ப துன்பம் யாவும் முன்வினைப் பயனே என்னும் கொள்கையைப் புத்தர் பெருமானும் ஏற்றாரில்லை. பருவ மாற்றத்தால் விளையும் துன்பமும் உண்டென்று அவர் தனியே எண்ணிக் காட்டினார். துன்பத்துக்குக் காரணம் மண்ணிலும் நீரிலும் சுவரிலும் இருக்குமாயின், அதை ஆராய்வதற்கும் மனிதனுக்கு வழியுண்டு.

இரண்டாவது வழி, “ஆபத்தில்லாத இடம் உலகில் ஏது?” என்று கேட்டுவிட்டு வாளாவிருத்தல். இதற்கு வலிமையான சான்றும் உண்டு. மராட்டிய மாநிலத்து லாத்தூர் மாவட்டத்திலுள்ள கில்லாரிப் பகுதி, பூகம்ப அபாயம் மிகக் குறைந்த முதல் மண்டலமாக அக்கால வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தது. அங்கேதான் 1993 செப்டம்பர் 30 அன்று, விடியுமுன், விநாயகர் திருவிழா முடிந்து மக்கள் அயர்ந்துறங்கிய வேளையில் பூமி அதிர்ந்தது. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். வரைபடத்தை நம்பியவனும் மாண்டான், வரைபடத்தை அறியாதவனும் மாண்டான். பின் ஆராய்ச்சியால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும்.

ஆயினும், சற்று நின்று நோக்குங்கள். கில்லாரியில் மக்களைக் கொன்றது எது? வெறும் மண் சாந்தில் அடுக்கிய கனத்த கருங்கற் சுவர்களும், அவற்றுக்கு மேலிருந்த தடித்த மண் கூரைகளுமே பெரும்பாலோரைக் கொன்றன. 2001 ஜனவரி 26 அன்று கட்ச் பூகம்பம் நேர்ந்தபோது, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் அடுக்குமாடி வீடுகள் பல சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். அவற்றுட் பல, வண்டி நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தில் சுவரின்றித் தூண்களை மட்டும் நிறுத்திக் கட்டப்பட்டவை. பக்கத்திலேயே நன்கு கட்டிய வீடுகள் நின்றன. முற்றும் ஆபத்தற்ற இடம் இல்லையென்பது மெய். எல்லா இடமும் எல்லா வீடும் சமம் என்பது பொய். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் அறியாமையால் மயங்குகின்றனர்.

ஆபத்தை எடைபோடுவது எங்ஙனம்? நான்கு கேள்விகள் போதும். ஆபத்து எத்தனை காலத்துக்கு ஒருமுறை வரும்? வந்தால் பொருளை மட்டும் கொள்ளுமா, உயிரையும் கொள்ளுமா? வருமுன் எச்சரிக்கை கிடைக்குமா? கிடைத்தால் தப்பிச் செல்ல வழியுண்டா?

முதற் கேள்வியில் பலர் ஏமாறுகின்றனர். “இது நூறாண்டு வெள்ளம்” என்று பொறியாளர் கூறின், இனி நூறாண்டுக்குக் கவலையில்லை என்று எண்ணிவிடுகின்றனர். அதன் பொருள் அதுவன்று. ஒவ்வோர் ஆண்டும் நூற்றிலொரு பங்கு வாய்ப்பு அதற்குண்டு என்பதே பொருள். கடன் அடைத்து முடிக்கும் 30 ஆண்டுகள் ஒருவன் அவ்வீட்டில் வாழ்ந்தால், ஒருமுறையேனும் அவ்வெள்ளத்தைக் காணும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கிலொன்று. நான்கிலொரு பங்கு நஷ்டம் நேரக்கூடிய வியாபாரத்தில் எவனாவது விசாரியாமல் பணம் போடுவானா?

மூன்றாம், நான்காம் கேள்விகளின் பெருமையை ஒரிசாவில் காணலாம். 1999 அக்டோபரில் வீசிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் அங்கு மடிந்தனர். 2013 அக்டோபரில் கொடிய புயல் மீண்டும் வந்தது. அதற்குள் புயற் காப்பிடங்கள் கட்டப்பட்டிருந்தன. எச்சரிக்கை ஊர்தோறும் சென்றது. சுமார் பத்து லட்சம் மக்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். மாண்டோர் தொகை சில பத்துகளோடு நின்றது. கடற்கரை மாறவில்லை, மக்களும் பெரும்பாலும் அதே ஊர்களில்தான் வாழ்கின்றனர். மாறியது ஆயத்தம் ஒன்றே. பிரம்மபுத்திரா நதிக்கரையில் வாழும் மிசிங் மக்கள் மூங்கிற் கால்களின்மேல் வீடமைப்பதும் இவ்வகை அறிவே. வண்டல் தந்து வயலை விளைவிக்கும் ஆறுதான் வெள்ளத்தையும் கொணர்கிறது என்பதை அறிந்து, இரண்டுக்கும் இடம் விட்டு வாழ்கின்றனர்.

எடைபோடுதற்கு நினைவு வேண்டும். மனிதனுடைய நினைவோ குறுகியது. வயநாட்டு முண்டக்கையில் 1984இலேயே மண்சரிவு நேர்ந்து உயிர்கள் மாண்டன. 2019 ஆகஸ்டில் அதன் அருகிலுள்ள புத்துமலை சரிந்தது. 2024 ஜூலை 30 பின்னிரவில் முண்டக்கையும் சூரல்மலையும் சேறாகிய வெள்ளத்தில் மூழ்கி, இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். மலை இருமுறை பேசியிருந்தும் அப்பேச்சு காக்கும் செயலாக மாறவில்லை. ஜப்பான் நாட்டில் அனேயோஷி என்னும் சிற்றூரில், 1933ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், இதற்குக் கீழே வீடு கட்டாதீர் என்று கல்லில் பொறித்து நாட்டினர். பேரர்கள் அக்கல்லுக்குக் கீழ்ப்படிந்தனர். 2011இல் வந்த பேரலை அக்கல்லுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. இறந்தோருக்குச் செய்யும் சிறந்த நினைவுக்கடன் இதுவன்றோ!

இதுவரை கூறியன தேர்ந்தெடுக்க இயன்றோர்க்கு உரியன. இனி, தேர்ந்தெடுக்க இயலாதாரைப் பற்றிச் சிந்திப்போம். ஒவ்வொரு விபத்தின் பின்னும், “அவ்விடத்தில் ஏன் குடியிருந்தார்கள்?” என்று நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படிப்போர் கேட்கின்றனர். 2020 ஆகஸ்டு 6 இரவு, மூணாறுக்கு அப்பாலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. குழந்தைகள் உட்பட 70 பேர் மாண்டனர். அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பங்களின் வழிவந்தோர். அந்த லயத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வேலையோடு சேர்ந்து வந்த கூரை அது, வேலை போனால் போய்விடும் கூரை. தேயிலை எங்கே விளைகிறதோ அங்கே கொழுந்து பறிப்பவள் உறங்க வேண்டும். ஆலைச் சங்கின் ஓசை கேட்கும் தொலைவில் நெசவாலைத் தொழிலாளி உறங்க வேண்டும். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்து, வாழத் தகுதியற்றதென்று அரசினர் அறிவித்த தனுஷ்கோடியில் இன்றும் மீனவர் குடிசைகள் உள்ளன. கடல் அங்கிருப்பதால் அவர்களும் அங்கிருக்கின்றனர். இவர்கள் ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். இருபது ஆண்டுகளில் ஒருநாள் வரக்கூடிய வெள்ளத்தையும், இன்றிரவே வரும் பசியையும் தராசின் இரு தட்டுகளில் வைத்தவர்கள். அவர்களை அறிவிலிகள் என்பது நீதியன்று.

அங்ஙனமாயின், அவர்களைத் தூக்கி வேறிடத்தில் வைத்தால் போதுமா? சென்னையில் கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த ஏழைகள் பலரை, வெள்ள அபாயத்தைக் காரணங்காட்டிப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்குக் கொண்டுசென்றனர். அவ்விடமோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரம். மழைக்காலத்தில் அங்கும் நீர் சூழ்கிறது. பழைய வேலையிடமும் பள்ளியும் தொலைவாயின. ஓர் ஆபத்தை நீக்குவதாகச் சொல்லி மற்றோர் ஆபத்தையும், அதனுடன் வேலையின்மையையும் தருவது கருணையாகாது. இடம் மாற்றுவோர் அம்மக்களையே முதலில் கேட்க வேண்டும். தராசை அவர்கள் கையிலும் கொடுக்க வேண்டும்.

மறுபுறம், தேர்ந்தெடுக்கும் வல்லமை மிகவுடையோர் செய்வதைக் காணுங்கள். ஏரியைத் தூர்த்து மனையாக்கி விற்பவனும், அறிந்தே அதை வாங்குபவனும் தம் வீட்டை மட்டும் உயர்த்திக் கட்டுகின்றனர். ஏரியில் நிற்க வேண்டிய நீர் எங்கே போகும்? தாழ்ந்த தெருவிலுள்ளவன் வீட்டுக்குள் போகும். 2022 செப்டம்பரில் பெங்களூரில் பெருஞ்செல்வர் மாளிகைகளும் நீரில் மிதந்தன. அவர்கள் படகிலும் டிராக்டரிலும் ஏறி விடுதிகளுக்குச் சென்றனர். அருகிலிருந்த கூலித் தொழிலாளர் கொட்டகைகளுக்கு விடுதி ஏது?

இவற்றால் நாம் கொள்ளும் முடிவு யாதெனில், ஒருவனுக்குத் தேர்ந்தெடுக்கும் வல்லமை எவ்வளவோ அவ்வளவே அவன் பொறுப்பும் ஆகும். பணமும் கல்வியும் உடையவன் ஆராயாது வாங்கினால் குற்றமுடையான். பிறரை ஆபத்தான இடத்தில் குடியமர்த்தி அவர்கள் உழைப்பால் பயன்பெறுவோன் இருமடங்கு குற்றமுடையான். வேறு வழியின்றி அங்கு வாழ்வோன் குற்றமற்றவன். அவனுக்கு நாம் கடன்பட்டவர்கள். உறுதியான சுவர், காலத்தில் எச்சரிக்கை, ஓடுதற்குப் பாதை, ஒதுங்குதற்குக் காப்பிடம், வேலையை இழக்காமல் வேறிடம் செல்லும் வாய்ப்பு ஆகிய ஐந்தும் அவனுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.

அன்பர்களே! உங்களுள் எவரேனும் மனை வாங்க எண்ணின், தரகரைக் கேட்குமுன் அவ்வூர் மூதாட்டியைக் கேளுங்கள். பெருமழையன்று நீர் எதுவரை நின்றது என்பதை அவள் கைகாட்டிச் சொல்வாள். பழைய கிராம வரைபடத்தில் அந்நிலம் ஏரியா, ஓடையா, மேட்டு நிலமா என்று பாருங்கள். கட்டுவோனிடம் தரையோட்டின் அழகைக் கேட்குமுன் தூணின் உறுதியைக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்காகத் தடுக்கப்படும் நீர் எவர் வீட்டுக்குச் செல்லும் என்பதையும் கேளுங்கள். இக்கடைசிக் கேள்விக்கு நேர்மையாக விடை கண்ட பின்னரே அஸ்திவாரம் தோண்டத் தொடங்குங்கள்.