திறப்பு யாரிடம்?

பாரிஸ் புறநகர் ஒன்றின் தொடர்மாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். எங்களிற் பலருக்கு றெஸ்ரோறன்ட் வேலை. கடைசிக் கோப்பையைக் கழுவி, நிலம் துடைத்து, கடைசி மெற்ரோவில் வந்திறங்க இரவு ஒரு மணியாகிவிடும். எங்கள் மாடியின் கீழ்த்தளத்தில் பொதுமண்டபம் ஒன்று உண்டு. கதிரை, மேசை எல்லாம் உண்டு. வேலைக்குப் போகும்போது திறந்திருக்கும். திரும்பி வரும்போது பூட்டியிருக்கும்.

போன மாரியில் எங்களில் ஒருவரின் தாயார் ஊரில் காலமானார். அகதியாகப் பதிந்தவன் கொள்ளி வைக்கப் போகமுடியாது. துக்கம் விசாரிக்க இருபது பேர் வந்தார்கள். நாலு பேர் படுக்கும் அறையில் இருபது பேர் இருப்பது எப்படி? மண்டபத் திறப்பைக் கேட்டோம். பதினைந்து நாட்களுக்கு முன்பே எழுத்தில் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. மாடிப்படிகளில் இருந்து அழுதோம். அன்றிலிருந்து ஒரு கேள்வி எங்களை விடவில்லை: மண்டபத்தைக் கட்டிக் கொடுத்தவர்கள் எங்களுக்கு அநீதி செய்தார்களா?

பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர்கள் எங்களுள் உண்டு. புவியியல் வகுப்பில் கேட்ட பெயரொன்று நினைவுக்கு வருகிறது. 1929 இல், நியூயோர்க் பிராந்தியத் திட்டத்துக்காக, கிளாறன்ஸ் பெரி 'அயலக அலகு' என்ற கருத்தை முன்வைத்தார். நடுவில் ஆரம்பப் பாடசாலை, அதைச் சுற்றி வீடுகள், ஓரங்களில் கடைகள், நிலத்தில் பத்திலொரு பங்கு திறந்தவெளி. பெருந்தெருவைக் கடக்காமல், ஏறத்தாழ 400 மீற்றர் தூரத்துக்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போய்ச் சேரவேண்டும். குழந்தையின் காலடியை அளவுகோலாக எடுத்த மனிதரை நாங்கள் குறைத்து மதிப்பிடமாட்டோம். ஆனால் அதே அலகு வேற்று இனத்தவரை வெளியே நிறுத்தும் வேலியாகவும் பயன்படுகிறது என்று, 1940களின் கடைசியில் றெஜினோல்ட் ஐசக்ஸ் என்ற திட்டமிடலாளர் எதிர்த்து எழுதினார்.

பிரான்ஸ் வேறொரு பாடத்தைப் படித்தது. 1955 இல் சார்செல் நகரில் பெருங்குடியிருப்பு எழத் தொடங்கியது. முதலில் வந்தவை வீடுகள். கடையும் பள்ளியும் கூடுமிடமும் பிந்தின. அங்கு குடிவந்தோரைப் பிடித்த சலிப்புக்கும் தனிமைக்கும் பத்திரிகைகள் 'சார்செலித்' என்று ஒரு நோயின் பெயரையே வைத்தன. 1958 இன் இறுதியில் வந்த ஆணை, பெருங்குடியிருப்பு வலயங்களில் வீட்டோடு பொதுவசதிகளையும் சேர்த்துத் திட்டமிடச் சொன்னது. இத்தனை வீட்டுக்கு இத்தனை வகுப்பறை என்று அட்டவணைகளும் வந்தன. அப்படியிருந்தும் லா கூர்னெவ் நகரின் நாலாயிரம் வீடுகள் கொண்ட குடியிருப்பில், 'டெபுசி' என்ற நெடுமாடியை 1986 இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கட்டி முடித்து முப்பது வருடமும் ஆகாத கட்டடம் அது.

தூரத்தை அளந்தார்கள், சதுர மீற்றரை அளந்தார்கள். நேரத்தை அளந்தவர் யார்? எங்களுக்கும் மண்டபத்துக்கும் இடையே இருப்பது ஒரு மாடிப்படிதான். ஆனால் இரவு ஒரு மணிக்கும் காலை ஒன்பது மணிக்கும் இடையே உள்ள தூரத்தை எந்த வரைபடமும் காட்டுவதில்லை. எங்களை ஒருவரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை என்பது உண்மை. எங்களை நினைக்கவில்லை, அவ்வளவுதான். நினைக்காமல் விடுவதும் அநீதிதான் என்று சொல்லத் துணிகிறோம். ஏனெனில் இந்த நகரத்தின் இராச்சாப்பாட்டுக் கோப்பையை யாரோ கழுவுகிறார்கள் என்பது நகரத்துக்குத் தெரியும்.

இதை எழுதும்போதே எங்கள் நெஞ்சு குறுகுறுக்கிறது. ஊரில் கிணறு இருந்தது, கோயில் இருந்தது, தேத்தண்ணிக் கடை இருந்தது. எல்லாம் நடந்துபோகும் தூரத்தில்தான். பெரியின் அளவுகோலில் குறையே சொல்லமுடியாது. ஆனால் பக்கத்துக் குறிச்சி மனிதர் எங்கள் கிணற்றில் அள்ளமுடியாது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் வந்தது. அதன் பின்னரும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மனிதர் நின்று போராட வேண்டியிருந்தது. அங்கே மறதி இல்லை. நன்றாக நினைத்தே பூட்டினோம். சாதியால் தள்ளாத இடத்திலும் பெண்ணென்று தள்ளினோம்: எங்கள் அக்காமார் வாசிகசாலை வாங்கில் இருந்து பேப்பர் வாசித்ததை நாங்கள் கண்டதில்லை. அந்த வாசிகசாலையைப் 'பொது' என்றுதான் சொன்னோம்.

ஆகவே ஓர் இடத்தைப் பொதுவாக்குவது சுவரும் கூரையும் அல்ல. யாரைக் கேட்டுக் கட்டினார்கள், எப்போது திறக்கிறார்கள், திறப்பு யாரிடம் என்ற மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. வரைபடம் போடுபவர் அங்கே வாழப்போகும் எல்லோரையும் முன்கூட்டி அறியமுடியாது. நாங்கள் வருவோமென்று அறுபது வருடத்துக்கு முன் எவருக்குத் தெரியும்? தெரியாதென்பதை ஒத்துக்கொண்டு, பின்னால் வருபவர் கேட்க ஒரு வழியைத் திறந்து வைப்பதே திட்டமிடலின் ஒழுக்கம் என்று எங்களுக்குப் படுகிறது.

அடுத்த மாதம் குடியிருப்பாளர் கூட்டம். விடுமுறை எடுத்துப்போய்த் திறப்பைக் கேட்பதாக இருக்கிறோம். கீழ்மாடி மாலி நாட்டு அம்மா, அதிகாலையில் அலுவலகங்கள் துடைக்கப் போகிறவர், தானும் வருவதாகச் சொன்னார். கிடைத்தால் முதல் வேலை, திறப்புக்கு இன்னொரு படி வெட்டி அவரிடம் கொடுப்பது. அதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை. 'நாங்கள் அலைந்து எடுப்பதை ஏன் மற்றவைக்குக் குடுப்பான்' என்று ஒருவர் கேட்டார். கூட்டத்துக்குப் போகுமுன் அவருக்கு நாங்கள் பதில் சொல்லியாகவேண்டும்.