கற்பவன் பிழையும் பின்னிருப்பவர் உயிரும்

பிழையின்றித் தொழில் கற்றவர் எவருமிலர். தச்சன் முதலில் பலகையைக் கெடுக்கிறான். தையல் பழகுபவள் துணியைக் கெடுக்கிறாள். இவற்றை உலகம் பொறுத்துக்கொள்கிறது. ஆயின், அப்பிழைக்குரிய விலையைக் கொடுப்பவர் யார் என்னும் வினாவை உலகம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. தன் மோட்டார் சைக்கிளைத் தானே செப்பனிடப் புகும் இளைஞனிடத்தில் அவ்வினா தவிர்க்க இயலாததாகிறது.

1958-ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் என்னும் சிறுவண்டி, 2017-க்குள் உலகெங்கும் பத்துக்கோடிக்கு மேல் உற்பத்தியாகிவிட்டது. அதன் வழிவந்த வண்டிகளையே மலேசியர் ‘கப்சாய்’ என அழைக்கின்றனர். தோட்டத்துச் செம்மண் பாதையிலும் நகரத்து நெடுஞ்சாலையிலும் உழைக்கும் குடும்பங்களின் வாகனம் அதுவே. எளிய அமைப்புடையதாதலால், ஓரிரு ஸ்பேனர்களை வைத்திருக்கும் எவனுக்கும் அதைத் திறந்து பார்க்கும் ஆசை எழுகிறது. அவ்வாசை நல்லதே. பட்டறைக்குக் கொடுக்கும் சில வெள்ளி மிஞ்சுவது அதன் சிறிய பயன். நாள்தோறும் தன்னைச் சுமக்கும் பொருள் எவ்வாறு இயங்குகிறது என்று அறிந்து வாழ்வதே பெரிய பயன்.

தொடங்குவோர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது சங்கிலியில். ஓடஓடச் சங்கிலி நீண்டு தளரும். மிகத் தளர்ந்தால் பற்சக்கரத்திலிருந்து கழன்று பின்சக்கரத்தையே இறுக்கிப் பிடித்துவிடக்கூடும்; மிக இறுகினாலோ ஆள் ஏறி அமர்ந்ததும் மேலும் இழுபட்டுத் தாங்குருளைகளைத் தேய்க்கும். நடுப்பகுதியை விரலால் உயர்த்தித் தாழ்த்தினால் ஏறத்தாழ 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆட்டம் இருப்பது பல சிறுவண்டிகளுக்கு ஏற்றது. சரியான அளவை அவ்வவ்வண்டியின் கையேடு கூறும். சங்கிலி எங்கும் ஒரே அளவில் தேய்வதில்லை. ஆதலின் சக்கரத்தைச் சுழற்றிப் பல இடங்களில் அளந்து, மிக இறுக்கமான இடத்தைக் கொண்டே அளவைத் தீர்மானிக்க வேண்டும். அச்சின் நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, இருபுறக் குறிகளும் ஒத்திருக்கின்றனவா எனப் பார்த்து மீண்டும் முடுக்கினால் வேலை முடிந்தது எனத் தொடக்கக்காரன் மகிழ்கிறான்.

ஆனால் வேலை முடியவில்லை. பின்சக்கரத்தின் டிரம் பிரேக்கைக் கால்மிதியோடு இணைப்பது ஓர் இரும்புக் கம்பி. சக்கரம் பின்னே நகர்ந்தபோது அக்கம்பியும் இழுபட்டிருக்கும். மிதிக்காமலே பிரேக் சற்றுப் பிடித்துக்கொண்டு, ஓடும்போது சூடேறும். மாறாக, புதுச்சங்கிலி மாட்டச் சக்கரத்தை முன்னே தள்ளியிருந்தால், மிதி ஆழச் சென்ற பின்னரே பிரேக் பிடிக்கும். இவ்விரண்டையும் சங்கிலி காட்டிக்கொடுப்பதில்லை. ஒன்றைத் திருத்துகையில் தான் தொடாத மற்றொன்று மாறியிருக்கும் என்பதைத் தொடக்கக்காரன் அறியான். தான் அறியாதது இன்னது என்பதையும் அறியான். இடர் இங்கேதான் பிறக்கிறது.

தன் உயிரைத் தான் பணயம் வைக்க ஒருவனுக்கு உரிமையுண்டு என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தை ஏற்றுக்கொண்டாலும், மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு இடமிருக்கிறது. பின்னால் அமர்ந்து சந்தைக்குச் செல்லும் தாயும், பள்ளிக்குச் செல்லும் தம்பியும், சாலையைக் கடக்கும் முதியவரும் அவனுடைய கல்விக்குக் கட்டணம் செலுத்த ஒப்பியவர் அல்லர். எண்ணெய் மாற்றுகையில் அலுமினியப் பகுதியில் பொருந்தும் எஃகு போல்ட்டை மிகையாக முடுக்கி மரையைக் கெடுத்தால், இழப்பு அவன் பணப்பைக்கு. பிரேக்கில் செய்யும் பிழை அத்தகையதன்று. (பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுபவன், வண்டியில் ஏறாத மனிதருக்கும் தீங்கிழைக்கிறான்; அது வேறொரு கட்டுரைக்குரியது.)

அப்படியாயின் அனைத்தையும் பட்டறையில் விட்டுவிட்டால் பொறுப்பு நீங்கிவிடுமா? நீங்காது. தேய்ந்த டயரையும் தொங்கும் சங்கிலியையும் மாதக்கணக்கில் காணாமல் ஓட்டுபவன், தவறாக முடுக்கியவனைவிடத் தூயவன் அல்லன். மேலும் பட்டறைக்காரரும் ஒருநாள் தொடக்கக்காரராய் இருந்தவரே. அவர் பிறர் வண்டிகளில்தான் பழகினார். ஆனால் அவர் முடுக்கிய ஒவ்வொரு நட்டையும் மற்றொரு கை தொட்டுப் பார்த்த பின்னரே வண்டி வெளியே சென்றிருக்கும். ஆசிரியப் பயிற்சியிலும் இதுவே முறை. பயிற்சி ஆசிரியர் உண்மையான பிள்ளைகளிடமே பாடம் நடத்திப் பழகுகிறார். அப்பிள்ளைகளுக்கு அந்த வகுப்பு ஒத்திகை அன்று. அவர்கள் வாழ்வில் அவ்வாண்டு ஒரே முறைதான் வருகிறது. ஆதலின் பின்வரிசையில் வழிகாட்டி ஒருவர் குறிப்பேட்டுடன் அமர்ந்திருக்கிறார். அதை அவமதிப்பாகக் கருதும் பயிற்சி ஆசிரியர்களும் உளர். பிள்ளைகளின் பக்கத்திலிருந்து அவர்கள் அதைப் பார்த்ததில்லை.

தனியே பழகும் இளைஞனுக்கு அத்தகைய கண் தானாக வாய்ப்பதில்லை; அவனே தேடிக்கொள்ள வேண்டும். முடித்த வேலையை அறிந்த ஒருவரிடம் காட்டலாம். ஆளில்லாத பாதையில் தனியாக மெல்ல ஓட்டி, பலமுறை பிரேக்கை மிதித்து, இறங்கி டிரம்முக்கு அருகே கையைக் கொண்டுசென்று சூட்டை உணரலாம். பிரேக் விளக்கு எரிகிறதா என்றும் பார்க்கலாம். இவை பலரும் கூறும் அறிவுரைகளே. எவரும் கூறாத ஒன்று உண்டு: பின்னால் ஏறுபவரிடம் முன்கூட்டியே சொல்லுதல். “அம்மா, நேற்றுப் பின்பிரேக்கை நானே சரிசெய்தேன். நான் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வேறு யாரும் இன்னும் பார்க்கவில்லை.” அவர் சிரித்துக்கொண்டே ஏறி அமரக்கூடும். “இன்றைக்கு நான் பஸ்ஸிலேயே போகிறேன், ஐயா” என்று கூறவும் கூடும். அவ்விடையால் மகன் மனம் புண்படக் காரணம் ஏதுமில்லை.