உயிர்வேலி நடுதல் பசுபுண்ணியமோ, சிவபுண்ணியமோ?

பிறர் நிலத்து வரப்பிலே, கூலி கருதாது, புள்ளும் விலங்கும் வாழ்தற்பொருட்டுச் செடி நட்டு வேலியமைப்பாரது செயல் எவ்வகை அறத்தின்பாற்படும் என்பது ஈண்டு ஆராயப்படும்.

உயிர்வேலியாவது கல்லும் கம்பியுமின்றிச் செடிகொடிகளை நெருங்க நட்டு ஆக்குவது. கொங்குநாட்டிற் கரூர், திருப்பூர் மாவட்டங்களிலே கொறங்காடு எனப்படும் மேய்ச்சல்நிலங்களை முட்கிளுவைவேலி இன்றும் சூழ்ந்துள்ளது. உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலும் வளரும். நமது தொண்டைநாட்டிற்கு நொச்சி, சங்கஞ்செடி, காரை, ஆதொண்டை என்பன உரியன. சங்கம்பழத்தைக் கொண்டைக்குருவி உண்ணும். ஆதொண்டைத் தழையை வண்ணத்துப்பூச்சியின் புழு உண்ணும். நொச்சிப்பூவைத் தேனீ நாடும். தூரடியிற் கீரியும் ஓணானும் ஒடுங்கும்.

வேம்பைத் தன் பெயரிலே தாங்கிய வேப்பம்பட்டு முதலாய ஊர்களில், சென்னை அரக்கோணம் இருப்புப்பாதையை அடுத்த விளைநிலங்கள் பல மனைப்பிரிவுகளாயின. மனைப்பிரிவு வருமிடத்து முதலில் அழிவது புதரே. வேலிகாத்தான் எனப் பெயர்கொண்ட சீமைக்கருவேலோ வேலியளவில் நில்லாது ஏரிகளையும் கவர்ந்தது. அத்தகைய அயற்செடிகளை அகற்றுதற்குத் தமிழ்நாட்டரசு 2022-ஆம் ஆண்டில் ஒரு கொள்கை வகுத்தது. ஆகவே நாட்டுச்செடிகளை மீள நடுவார் செயல் காலத்திற்கேற்றதென்பதில் ஐயமில்லை. அறநிலையே வினாவாவது.

‘பறவைக்கும் புழுவிற்கும் செய்யும் உதவி பசுபுண்ணியமாம், அது போகமாய்க் கழிந்தொழியும், ஆகலின் வீடுபேறு வேண்டுவார்க்கு வேண்டா’ எனின், அற்றன்று. இவ்வேறுபாடு செய்யும் செயலளவில் அமைவதன்று. செய்வோன் கருத்தைப் பற்றியது. சிவஞானசித்தியார் இரண்டாஞ் சூத்திரத்தில் அன்பும் அருளும் இறைவன் பணியாகிய அறங்களுள் வைத்து எண்ணப்பட்டன. ‘யான் செய்தேன்’ என்னும் முனைப்பு நிற்பின் எவ்வறமும் பசுபுண்ணியமே. இறைபணியென நின்று செய்யின் வேலி நடுதலும் சிவபுண்ணியமாம்.

அம்முனைப்பு ஒழியும் வழி யாது? உயிர்கட்குத் தனு கரண புவன போகங்களைக் கொடுப்பவன் இறைவன். புதர் சிற்றுயிர்க்குப் புவனம். அதனைத் தம் நலங்கருதி அழித்தவர் மக்கள். எனவே மீள நடுதல் கொடையன்று, கடனிறுத்தல். கடனிறுப்பவன் தன்னை வள்ளலெனத் தருக்குதல் நகைப்பிற்கிடமாம்.

‘வேலியிற் சாரைப்பாம்பு புகும், எலியைக் கொல்லும், அக்கொலைக்கு இடங்கொடுத்த பாவம் நட்டாரைச் சாருமே’ எனின், சாராது. அது அவ்வவ்வுயிரின் வினைக்கீடாய நுகர்ச்சி, நட்டார் ஏவியதன்று. ஆயின் உழவனுக்கு நேரும் இடுக்கண் நட்டாரைச் சாரும். காலையில் வந்து நட்டு மாலை வண்டியில் மீள்பவர்க்கு நிழலால் விளைவு குன்றுதலும் இல்லை, இருளில் வரப்பிற் பாம்பை மிதிக்கும் அச்சமும் இல்லை. அவ்விரண்டும் உழவன் பங்கு. அவன் உடன்பாடு பெறாமலும், வேர்கொள்ளுங்காறும் கோடையில் வந்து நீர் வாராமலும், வளர்ந்தபின் கழித்துவிடாமலும் நடுதல் ஆரவாரமேயன்றி அறமாகாது.

‘அடுத்த ஊராகிய திருநின்றவூரிலே பூசலார் நாயனார் மனத்தாலன்றோ கோயிலெடுத்தார், நல்லெண்ணமே அமையாதோ?’ எனின், அமையாது. அவர் பொருள்தேடி அலைந்தும் பெறாமையால் அகத்தே எடுத்தார். ஆண்டும் ஒரு பணியும் குறையாது முறையே முடித்தார். கையும் மண்வெட்டியும் உடையார் வாளா எண்ணியிருத்தற்கு அவர் சான்றாகார்.

ஆகலின், உழவன் இசைவோடும், காக்கும் உறுதியோடும், முனைப்பின்றியும் நடப்படும் வேலி சிவபுண்ணியமென்றும், இம்மூன்றனுள் ஒன்று குறையினும் அப்பெயர்க்கு உரியதன்றென்றும் கொள்க. நிலமுடைய திருமடங்களும் கோயில்களும் தம் வரப்புகளில் இதனைத் தொடங்குமாயின், பிறர் நிலத்தை நோக்குமுன் தம் கடனை இறுத்தனவாம். அறிஞர் ஆராய்க.