படகுச் சோபாவும் வாஷிங் மெஷினும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டில் உள்ள வர்ஜீனியா நுண்கலை அருங்காட்சியகத்தில் ஒரு சோபா இருக்கிறது. இரண்டு முனைகளும் தோணியைப் போல மெல்ல மேலெழும் மரச் சோபா. வெளிப்புறம் ஆமையோட்டுப் பழுப்பு, உட்புறம் வெள்ளித்தாள் மினுமினுப்பு. 1919-20 வாக்கில் பாரிஸில் ஐலீன் கிரே என்ற ஐரிஷ் பெண்மணி உருவாக்கியது. மேலே உள்ள பூச்சுதான் அதன் உயிர். ஒரு மரத்தின் பாலிலிருந்து எடுக்கும் அரக்கு அது. வெயிலில் வைத்தால் காயாது, ஈரக்காற்றில்தான் இறுகும். ஒரு பூச்சு பூசி, இறுகும்வரை காத்திருந்து, தேய்த்து, மறுபடி பூச வேண்டும். நல்ல வேலைக்கு இருபது பூச்சுக்கு மேலும் ஆகும். பச்சை அரக்கு தோலில் பட்டால் புண்ணாக்கும். கிரேயின் கைகளும் அதற்குத் தப்பவில்லை. பாரிஸில் இருந்த ஜப்பானியக் கைவினைஞர் செய்சோ சுகவாராவிடம் ஆண்டுக்கணக்கில் இருந்து அவர் கற்ற தொழில் இது.

தொப்பிக்கடை நடத்திய ஒரு பாரிஸ் சீமாட்டியின் வீட்டுக்காகச் செய்த இந்த இருக்கையை இன்று ரிச்மண்டில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதற்குக் காரணமானவர்கள் மன்னர்களோ எண்ணெய் முதலாளிகளோ அல்லர். டோஸ்டர், கைக்கடிகாரம், டிவி, சூட்கேஸ் என்று நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் சாமான்களை விலை குறைத்து விற்ற ஒரு கடைக்காரத் தம்பதி, சிட்னி லூயிஸும் பிரான்சிஸ் லூயிஸும். அவர்கள் ரிச்மண்டில் தொடங்கிய ‘பெஸ்ட் புராடக்ட்ஸ்’ நாடெங்கும் கிளை பரப்பியது. வாடிக்கையாளர் பொருள்பட்டியலைப் பார்த்துச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். கிடங்கிலிருந்து சாமான் வந்து சேரும். கடைக்குச் செலவு குறைவு, வாங்குபவருக்கும் விலை குறைவு.

லூயிஸ் தம்பதி முதலில் வாங்கியது சமகால ஓவியங்களை. கையில் காசில்லாத கலைஞர்களிடம் அவர்கள் ஒரு பண்டமாற்று வைத்துக்கொண்டார்கள். ஓவியத்தைக் கொடுத்துவிட்டு, கடையிலிருந்து வாஷிங் மெஷினோ டிவியோ எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. கலைஞனின் வீட்டில் துணி துவைக்க வேண்டும் என்பதும் அந்த ஓவியம் காலத்தைத் தாண்டி நிற்கும் என்பதும் அவர்களுக்கு ஒருசேரத் தெரிந்திருந்தன.

1970களில் அவர்கள் கவனம் அலங்காரக் கலைப் பக்கம் திரும்பியது. ஆர்ட் நூவோ, ஆர்ட் டெகோ என்ற அலங்காரப் பாணிகளின் காலத்து நாற்காலிகள், விளக்குகள், கண்ணாடிக் குடுவைகள், வெள்ளிப் பாத்திரங்கள் எல்லாம் அன்று இரண்டுங்கெட்டான் நிலையில் இருந்தன. தொல்பொருள் என்று சொல்லும் அளவுக்குப் பழமையும் இல்லை, நவீனம் என்று சொல்லும் புதுமையும் இல்லை. ஓவியத்தைச் சுவரில் மாட்டிவிட்டால் அதன்மேல் யாரும் உட்காரப் போவதில்லை. நாற்காலி உழைத்துத் தேய்கிறது. பாணி மாறியதும் பரணுக்குப் போகிறது, அங்கிருந்து பழைய சாமான் வியாபாரிக்கு. பாரிஸ் மெட்ரோவுக்காக எக்டர் கிமார் வடித்த இரும்பு நுழைவாயில்கள் பலவற்றை, நாகரிகம் போய்விட்டது என்று பிடுங்கி எறிந்த காலமும் இருந்தது. கிமார் இறந்த பிறகு அவருடைய மனைவி, இருவரும் வாழ்ந்த பாரிஸ் வீட்டை அதன் சாமான்களோடு அருங்காட்சியகமாக்கச் சொல்லிக் கொடுக்க முன்வந்தார். ஏற்க ஆளில்லை. கடைசியில் சாமான்களைப் பிரித்துப் பிரித்துப் பல அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்தார். கொடுக்கிற கை நீண்டாலும் வாங்கிக்கொள்ளும் கை இல்லையென்றால் இதுதான் கதி.

ரிச்மண்டில் இரண்டு கையும் இருந்தன. லூயிஸ் தம்பதி தங்களுக்கு வாங்கியதோடு நிற்கவில்லை. அருங்காட்சியகமே ஆர்ட் நூவோ பொருள்களை வாங்கிக்கொள்ள ஒரு நிதியும் வைத்தார்கள். 1900இல் அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி செய்த பெரிய கண்ணாடி மதுக்கிண்ணம், மூன்று அகப்பைகளோடு, அந்த நிதியில் வந்தது. காப்பாட்சியர் ஃபிரடெரிக் பிராண்ட் இந்தச் சேகரிப்பை ஆராய்ந்து விரிவான நூலொன்று எழுதினார். பணம் கொடுத்தவருக்கு ரசனை இருந்தது, அறிவுடையவரின் சொல் ஏறும் இடமும் இருந்தது. கொடையாளிகளிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பணத்தைக் கொடுத்துவிட்டு, எதை வாங்கலாம் என்பதில் விஷயம் தெரிந்தவருக்கு வழிவிடுகிறவர்கள் குறைவு.

1985இல் அந்த அருங்காட்சியகத்தின் மேற்குப் பகுதிக் கட்டடம் திறக்கப்பட்டது. கட்ட உதவியவர்கள் லூயிஸ் தம்பதியும் இன்னொரு கொடையாளியான பால் மெலனும். கிரேயின் சோபா உட்பட லூயிஸ் சேகரிப்பு பொதுச்சொத்தானது.

இதில் ஒரு நெருடல் உண்டு. அமெரிக்காவில் இப்படிப்பட்ட நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு கிடைக்கும். ஆக, தனியார் கொடை என்பதில் ஒரு பங்கு அரசுக்கு வந்திருக்க வேண்டிய பணம். அதோடு, ஒரு தம்பதியின் விருப்பு வெறுப்புதான் ஒரு மாநிலத்து மக்கள் பார்க்கும் கலை வரலாறாகிறது. பாரிஸும் வியன்னாவும் நிறைய இருக்கும். அவர்களே லட்சக்கணக்கில் விற்ற டோஸ்டருக்கு அங்கே இடமிருக்காது. இந்தக் குறையை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அரசுக் குழுக்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் வாங்கும். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் நேரத்தில் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும். அதே தொப்பிக்கடைச் சீமாட்டிக்காகக் கிரே செய்த இன்னொரு இருக்கை, டிராகன் கைகள் கொண்டது, 2009இல் பாரிஸ் ஏலத்தில் 2 கோடியே 19 லட்சம் யூரோவுக்குப் போனது. ஊர் சிரித்தாலும் பரவாயில்லை என்று தன் பணத்தை வைத்து முன்கூட்டியே வாங்கும் ஒருவர் தேவைப்படுகிறார். தப்பாகப் போனாலும் நட்டம் அவரோடு போகும்.

இந்தியாவிலும் இப்படி ஒருவர் முன்கூட்டியே வாங்கினார். இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர், 1930களின் தொடக்கத்தில் ஜெர்மானியக் கட்டடக்கலைஞர் எக்கார்ட் முத்தேசியஸைக் கொண்டு மாணிக் பாக் அரண்மனையைக் கட்டினார். பாரிஸ் வடிவமைப்பாளர் ரூல்மன் செய்த மேசை, கிரேயின் சாய்வு நாற்காலி, சிற்பி பிரான்குசியின் பறவைச் சிற்பங்கள் என்று லூயிஸ் தம்பதிக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே பொறுக்கி எடுத்த கண் அவருடையது. அவர் 1961இல் மறைந்தார். 1980இல் அந்த அரண்மனைச் சாமான்கள் மொனாக்கோவில் ஏலம் போயின. பறவைகளில் இரண்டு இன்று ஆஸ்திரேலியாவில், ஒன்று கலிபோர்னியாவில். மாணிக் பாக் வரித்துறை அலுவலகமாக இருக்கிறது. ரசனையில் அவர் யாருக்கும் குறைந்தவர் அல்லர். ஆனால் அந்தச் சேகரிப்பு இந்தூர் மக்களுக்கு என்று எழுதிவைக்கப்படவில்லை. வாங்கிப் போற்ற ஓர் அருங்காட்சியகமும் அங்கே காத்திருக்கவில்லை.

லூயிஸ் தம்பதி தொடங்கிய நிறுவனமும் நிலைக்கவில்லை. பெஸ்ட் புராடக்ட்ஸ் 1991இல் திவால் மனு கொடுத்தது; எழுந்து நின்றது; 1996இல் மறுபடி விழுந்து, கடைகள் மூடப்பட்டன. செங்கல் சுவர் உரிந்து விழுவதுபோல வேடிக்கையாகக் கட்டி உலகப் புகழ்பெற்ற அந்தக் கடைக் கட்டடங்களில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டோ உருமாற்றப்பட்டோ போயின. சிட்னி லூயிஸ் 1999இல் காலமானார். நிறுவனம் போய்விட்டது. சோபாவையும் கிண்ணத்தையும் கொடுத்திருந்தார்கள், அவை இருக்கின்றன. 1985இல் கொடுக்காமல், இன்னும் கொஞ்ச காலம் நம்மிடமே இருக்கட்டும் என்று அவர்கள் தள்ளிப்போட்டிருந்தால், அந்தப் பொருள்களின் விதி வேறாகக்கூட இருந்திருக்கும். ஒரு பொருள் நம்முடையதாக இருக்கும் காலம் சிறிது. அந்தச் சிறிய காலத்துக்குள் எடுக்கும் முடிவுதான் அதன் மீதி ஆயுளைத் தீர்மானிக்கிறது. கொடை என்பது செல்வம் மிஞ்சிய பிறகு செய்வது என்று நினைக்கிறோம்; செல்வம் கையில் இருக்கும்போதே செய்தால்தான் அது கொடையாகிறது.

செட்டிநாட்டு வீடுகளில் பெல்ஜியம் கண்ணாடிகளும் ஐரோப்பிய எனாமல் பாத்திரங்களும் ஆர்ட் டெகோ மேசை நாற்காலிகளும் இன்னும் இருக்கின்றன. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு அவை வந்துகொண்டும் இருக்கின்றன. அப்படி எதுவும் உங்கள் குடும்பத்தில் இருந்தால், பங்கு பிரிக்கும் நாள்வரை காத்திருக்காதீர்கள். யார் செய்தது, யார் எங்கே வாங்கியது என்று தெரிந்ததை எழுதிவையுங்கள். ஏற்று நடத்தக்கூடிய ஓர் அருங்காட்சியகத்திடம் இப்போதே பேசுங்கள். கொடுக்கும்போது, அதைப் பாதுகாக்கும் செலவுக்கும் ஒரு தொகை சேர்த்துக் கொடுங்கள்.