அருளும் அளவும்

நற்செயல் ஒன்றின் தகுதி அதனைச் செய்வோனின் நோக்கத்தில் தங்கியுள்ளதா, அன்றி அதனை ஏற்கும் உயிருக்கு விளையும் பயனில் தங்கியுள்ளதா என்பது ஒழுக்கவியலின் பழமையான வினாக்களுள் ஒன்று. மனிதர்க்கிடையே இவ்வினா முழுமையாகச் சோதிக்கப்படுவதில்லை. கொடுப்பதை ஏற்போன் வேண்டாமென மறுக்கலாம், மிகையெனச் சொல்லலாம், பின்னர்க் குறைகூறவும் செய்யலாம். வாயில்லாப் பிராணிக்கு இவற்றுள் எதுவும் இயலாது. நீட்டிய கையிலிருப்பதை அது உண்ணும். நோயுற்றால் ஒதுங்கிக் கிடக்கும். எனவே அருளின் உண்மையான இயல்பை அறிய விரும்புவோர் விலங்குக்கு இடப்படும் உணவை ஆராய்வது பொருத்தமாகும்.

திருகோணமலைத் துறைமுகத்தின் அருகே அதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. கோணேசர் ஆலயத்தை 1622 இல் இடித்த போர்த்துக்கேயர் 1624 இல் அங்கே கோட்டை ஒன்றை எழுப்பினர். பின்னர் ஒல்லாந்தர் கையிலும் ஆங்கிலேயர் கையிலும் சிக்கிய அக்கோட்டை 1803 இல் பிரெடெரிக் கோட்டை எனப் பெயர் பெற்றது. சுவாமிமலைக்குச் செல்லும் அடியார்கள் அக்கோட்டை வாயிலைக் கடந்தே செல்லவேண்டும். வழியில் மரநிழலிலே புள்ளிமான்கள் கூட்டங்கூட்டமாய் நிற்கும். நகர வீதிகளிலும் கடற்கரையிலும் அவை உலாவும். வழிபடச் செல்வோரும் சுற்றுலாப் பயணிகளும் அவற்றுக்குப் பாணும் பழமும் சோறும் கொடுக்கின்றனர். அங்கே வெறுப்பு இல்லை. குழந்தைகளின் மகிழ்ச்சி உண்டு, பெரியோரின் புண்ணிய நினைவு உண்டு. ஆயினும் கேடு விளைகின்றது.

மான் இரைமீட்கும் விலங்கு. அதன் வயிற்றின் முதல் அறையில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணங்கிகள் புல்லின் நாரை மெல்ல மெல்லச் சிதைத்து உணவாக்குகின்றன. பாணிலும் சோற்றிலும் உள்ள மாப்பொருளோ விரைந்து புளித்து அமிலத்தைப் பெருக்குகின்றது. அமிலம் மிகவே நுண்ணங்கிகள் மடிகின்றன, வயிறு ஊதுகின்றது, மிகையாயின் உயிருக்கே இறுதி நேர்கின்றது. உணவு சுற்றி வந்த பொலித்தீன் பையை அது உண்டால் நிலை இன்னும் கொடிது. பை செரிப்பதுமில்லை, வெளியேறுவதுமில்லை. வயிறு நிறைந்ததென்ற பொய்யுணர்வோடு அவ்விலங்கு பட்டினியால் மெலிகின்றது.

மானுக்கு நேரும் கேட்டை வயிற்றின் கேடு எனலாம். குதிரையினத்தில் அது ஓமோன்களின் கேடாகி மேலும் நுட்பமடைகின்றது. வறண்ட நிலத்தின் புல்லையுண்டு வாழப் பழகிய மட்டக்குதிரைகள் குறைந்த உணவிலிருந்து நிறைந்த பயனைப் பெறும் உடலமைப்பு உடையவை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்து நெடுந்தீவில் இன்றும் திரியும் குதிரைகள் எத்தகைய வறட்சியைத் தாங்குகின்றன என்பதை அத்தீவைக் கண்டோர் அறிவர். ஆனால் தோளளவில் ஏறக்குறைய 34 அங்குலத்துக்கு மேற்படாதவாறு மேலைநாடுகளில் வளர்க்கப்படும் குறுங்குதிரைகளோ செல்வர் முற்றத்தில் செல்லப்பிள்ளைகளாயின. தானியமும் இனிப்பும் செழும்புல்லும் அவற்றுக்குக் கிடைத்தன. கழுத்திலே கொழுப்பு மேடிட்டது. குருதியில் இன்சுலின் பெருகியது. இந்நிலைக்குக் குதிரை வளர்சிதைமாற்றக் கூட்டறிகுறி என்னும் பெயர் 2002 இல் முன்மொழியப்பட்டது. இன்சுலின் மிகுந்தால் குளம்புக்குள் எலும்பைத் தாங்கும் மெல்லிய மடிப்புகள் தளர்கின்றன, அதுவே குளம்பழற்சி. அடியெடுத்து வைப்பதே அவ்விலங்குக்கு வேதனையாகின்றது. ஊட்டியவர் அன்பினாலேயே ஊட்டினார். அவ்வன்பு குதிரையின் பாதத்தில் நோயாகத் தங்கியது.

அவ்வாறாயின் உணவை நிறுத்துவதே மருந்தாகுமா? ஆகாது. குறுங்குதிரையைத் திடீரெனப் பட்டினியிட்டால் உடற்கொழுப்பு வெள்ளமெனக் குருதியிற் கலந்து ஈரலைக் கெடுத்து உயிரைப் பறிக்கும். ஆதலின் மருத்துவர் ஊணை நிறுத்துவதில்லை, அளக்கின்றனர். 100 கிலோ எடையுள்ள குதிரையின் எடையைக் குறைக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.5 கிலோ உலர்புல் என வகுக்கின்றனர். அப்புல்லை நீரில் ஊறவைத்துச் சர்க்கரையைக் குறைத்துக் கொடுக்கின்றனர். முதிய குதிரைகளில் கபச்சுரப்பி கட்டுப்பாடிழந்து ஓமோன்களை மிகையாகச் சுரக்கும் வேறொரு நோயும் உண்டு. அதற்குப் பெர்கோலைட்டு என்னும் மருந்தை நாள்தோறும், வாழ்நாள் முழுதும் கொடுக்கவேண்டும். ஒருகணம் பொங்கி அடங்கும் இரக்கத்தால் இது ஆகாது.

இவ்வுண்மை மெய்யியலுக்குப் புதியதன்று. ஒழுக்கம் இரு மிகைகளுக்கு நடுவே நிற்பது எனக் கூறிய அரிசுத்தாத்தில் அதனை விளக்க எடுத்துக்கொண்ட உவமையும் உணவே. மல்லனுக்குக் குறைவாகும் ஊண் பயிற்சி தொடங்குவோனுக்கு மிகையாகும். நடுவென்பது உண்பவனைப் பொறுத்தது என்றார் அவர். வள்ளுவர் அருளுடைமையை அறத்துப்பாலிலும், உண்ணும் அளவைப் பேசும் மருந்து அதிகாரத்தைப் பொருட்பாலிலும் வைத்தார். பிறவுயிரின் உணவைத் தன் கையில் ஏற்றவன் இவ்விரண்டையும் ஒருங்கே கற்கக் கடமைப்பட்டவன்.

இவ்விடத்துத் தமிழ் மரபிலிருந்தே ஒரு தடை எழுதல் கூடும். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகத் தமிழுலகம் போற்றுகின்றது. மயிலுக்குப் போர்வை பயன்படுமா என அவன் எண்ணவில்லை. அந்த எண்ணாமையே கொடைமடம் எனப் புகழப்பட்டது. அங்ஙனமாயின் மானுக்குப் பாண் இடுவோனை மட்டும் குறைகூறுவது எங்ஙனம் தகும்? இதற்கு விடை எளிது. மயில் போர்வையை உதறிவிட்டுப் போகலாம். மான் தன் வயிற்றில் இறங்கியதை உதற முடியாது. ஏற்ற உயிருக்குத் தீங்கில்லாத வரையில் மடமும் அழகாகலாம். தீங்கு விளையும் எல்லையில் அது கொடைமடம் என்னும் பெயரை இழந்து வெறும் மடமாகின்றது.

எனினும் பேகனின் நெஞ்சை எள்ளுதல் தகாது. அருளில்லாத அறிவும் குறையுடையதே. மிகை இன்சுலின் குளம்பழற்சியை உண்டாக்கும் என்பதை அவுஸ்திரேலிய ஆய்வாளர் 2007 இல் நிறுவினர். நலமாயிருந்த மட்டக்குதிரைகளின் குருதியில் அவர்கள் இன்சுலினைச் செலுத்த, 72 மணி நேரத்துக்குள் அவை அந்நோய்க்கு ஆளாயின. இன்று எண்ணற்ற குதிரைகளைக் காக்கும் அறிவு சில குதிரைகளின் வேதனையில் விளைந்தது. அவ்வறிவைப் பெற்றபின்னும் அதனைப் பயன்படுத்தாதிருப்பது அவ்வேதனையை வீணாக்குவதாகும். அறிவுக்கு அருள் நோக்கத்தைத் தருகின்றது; அருளுக்கு அறிவு அளவைத் தருகின்றது.

இனிப் பொறுப்பு யாருடையது என்பதை நோக்குதல் வேண்டும். இலங்கையில் 1907 இல் இயற்றப்பட்ட விலங்கு வதைத் தடைச் சட்டம் அடிப்பதையும் மிகைப்பாரம் ஏற்றுவதையும் போன்ற கொடுமைகளைக் கருதியது. அன்பினால் விளையும் கேடு அதன் கண்ணுக்குப் புலப்படவில்லை. அக்கேட்டைத் தனியொருவன் செய்வதுமில்லை. ஒருவன் ஒரு துண்டுப் பாணைக் கொடுத்துச் சன்னிதிக்குப் போய்விடுகின்றான். அவனுக்கு அது ஒருமுறை. மானுக்கோ அன்று அது நூறாவது முறை. தன் துண்டினால் மான் சாகவில்லை என ஒவ்வொருவனும் சொல்வது உண்மையே. எல்லோரும் உண்மை சொல்லியும் மான் இறந்துகிடப்பதே இவ்வொழுக்கச் சிக்கலின் முடிச்சு. ஆதலின் ஒவ்வொருவனும் தன் செயலைத் தனித்து எடைபோடாமல், அது எத்தனையாவது செயல் என்று எண்ணி எடைபோடுதல் வேண்டும்.

உணவிடாது விலகுவதோடு கடமை முடிந்ததெனக் கொள்வதும் தவறு. மான் நகரத்துக்கு வந்தது என்பது பாதியுண்மை. மானிருக்கும் நிலத்தை நகரம் சூழ்ந்தது என்பது மறுபாதி. நிலத்தை எடுத்துக்கொண்டோர் அதற்கீடாகக் கையளவு பாணைத் தருவது கணக்குத் தீர்த்தலாகாது. மானுக்கு உரியன புல்லும், கோடையில் நன்னீரும், நிழலும், குப்பையற்ற நிலமுமே. அவற்றைத் தருவதற்கு ஊர் கூடவேண்டும், நகரசபை முயலவேண்டும், நாள் தவறாத உழைப்பும் வேண்டும். அவ்வுழைப்பில் மான் கையை நாடி வந்து உண்ணும் இன்பம் கொடுப்போனுக்குக் கிட்டாது. அவ்வின்பத்தை விட்டுக்கொடுக்க ஒருவன் இசைவானாயின் அவன் அருள் மானுக்கானது. இசையானாயின் அவன் ஊட்டியது தன் மனத்துக்கே.