மடியில் இருந்தது யாருடைய ரொட்டி?

ஏப்ரல் 27 புனித ஸீட்டாவின் திருநாள். இத்தாலியில் லூக்கா என்றொரு நகரம் இருக்கிறது (நற்செய்தி எழுதிய லூக்கா இல்லை, இது ஊர்). அங்கே ஃபாத்தினெல்லி என்ற பணக்காரக் குடும்பத்தில் 12 வயதில் வேலைக்குச் சேர்ந்த கிராமத்துப் பெண் அவர். 1272இல் சாகும்வரை, கிட்டத்தட்ட 48 வருஷம், அதே வீடு, அதே அடுப்படி. 1696இல் புனிதர் பட்டம் கிடைத்தது. வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு இன்று அவர்தான் பாதுகாவலர்.

அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை இது. எஜமான் வீட்டு ரொட்டியை ஏப்ரனில் மறைத்து ஏழைகளுக்கு எடுத்துப் போகிறார். கூட வேலை செய்கிறவர்கள் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். எஜமான் வழிமறித்து, "மடியில என்ன?" என்கிறார். பிரித்தால் பூக்கள்.

அழகான கதைதான். ஆனால் ரொட்டி ரொட்டியாகவே இருந்திருந்தால் அது திருட்டா?

இதே கதையை ஹங்கேரியின் புனித எலிசபெத்துக்கும் சொல்வார்கள், அங்கே ரோஜாப்பூ. எலிசபெத் அரசகுமாரி. மாட்டிக்கொண்டால் வீட்டார் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். ஸீட்டா மாட்டினால் வேலையும் போகும், திருடி என்ற பெயரும் வரும். அற்புதம் ஒன்றுதான், பயம் ஒன்றில்லை.

ஸீட்டா வாழ்ந்த அதே நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டார். வேறு வழியே இல்லாத கடும் தேவையில் ஒருவர் பிறர் பொருளை எடுத்துப் பிழைத்தால் அது திருட்டாகாது. அப்படித் தவிக்கும் அயலானுக்காக எடுத்தாலும் ஆகாது என்றார். அதன்படி பார்த்தால், வாசலில் நின்றவரின் பசி அந்த அளவுக்குப் போயிருந்தால், ஸீட்டாவுக்கு அற்புதமே தேவையில்லை.

"ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று நம்மிடம் ஒரு கிண்டல் உண்டு. அடுத்தவர் பொருளில் தர்மம் செய்வது சுலபம் என்பது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் மாட்டினால் தெருவுக்கு வரவேண்டிய ஒருத்திக்கு அது அப்படியொன்றும் சுலபமில்லையே. 48 வருஷ உழைப்பில் அந்த ரொட்டியில் அவருக்குப் பங்கே இல்லையா என்றும் கேட்கத் தோன்றுகிறது.

மற்ற கதைகளையும் பாருங்கள். பஞ்ச காலத்தில் எஜமானின் பயறை அள்ளிக் கொடுத்துவிடுகிறார். எஜமான் அளக்க வரும்போது குதிர் நிரம்பியிருக்கிறது. கிறிஸ்துமஸ் இரவில் எஜமான் இரவல் கொடுத்த உரோம அங்கியைக் கோயில் வாசலில் நடுங்கிக்கொண்டிருந்தவருக்குப் போர்த்திவிடுகிறார். மறுநாள் ஒரு முதியவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து தருகிறார். எஜமானுக்கு ஒரு காசு நட்டமில்லை. ஸீட்டாவின் தாராளம் அப்படியே இருக்கவேண்டும், கணக்கும் இடிக்கக்கூடாது. கதை சொன்னவர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. கொடுக்கிற நொடியில் அவருக்கு எதுவும் திரும்பி வரும் என்று தெரியாது. அந்த நொடியைத்தான் நான் நம்புகிறேன்; பூக்களை இல்லை.

லூக்காவில் சான் ஃப்ரெடியானோ ஆலயத்தில் அவர் உடலைக் கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கிறார்கள். திருநாளையொட்டி ஆலயத்தைச் சுற்றிப் பூச்சந்தை கூடும். ரொட்டி பூவான கதை பெரும்பாலும் எஜமானின் திகைத்த முகத்தோடு நின்றுவிடுகிறது. தெருமுனையில் காத்திருந்தவர் அன்றைக்கு என்ன சாப்பிட்டார்?