உணவு தேடப் போனவன்

காத்மாண்டுவில் ஆபீஸ் வேலை முடிந்தபோது எனக்கு அரை நாள் மிச்சமிருந்தது. விமானம் ராத்திரிதான். சுயம்புநாத், பௌத்தநாத் இரண்டும் பார்த்தாயிற்று. விடுதிக்காரர், "அப்ப நமோ புத்தா போய்ட்டு வாங்க, புலிக்குச் சாப்பாடு போட்ட இடம்" என்றார் இந்தியில். ஏதோ சரணாலயம் மாதிரிச் சொன்னார். திபெத்திய பௌத்தர்கள் நேபாளத்தில் பெரிதாக மதிக்கும் மூன்று ஸ்தூபிகளில் அது மூன்றாவது என்பதைப் போகும் வழியில் போனில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

காத்மாண்டுவிலிருந்து தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். பக்தபூர், பனேபா, துலிக்கேல், அதன்பிறகு புழுதி. ஓட்டுநர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நேபாளியில் அண்ணனை 'தாய்' என்றுதான் கூப்பிட வேண்டும். முதல் இரண்டு தடவை எனக்கு வாய் வரவில்லை.

கீழே சின்ன ஊர், நடுவே கண் வரைந்த வெள்ளை ஸ்தூபி, சுற்றிலும் டீக்கடைகள், வெண்ணெய் விளக்கு விற்கும் பாட்டிகள். மேலே குன்றில் தங்கக் கூரை போட்ட பெரிய மடாலயம். இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிறக் கொடிகள் காற்றில் படபடக்கின்றன. உயரம் சுமார் 1,750 மீட்டர். அன்றைக்கு வானம் தெளிவாக இருந்ததால் வடக்கே பனிமலை வரிசை முழுக்கத் தெரிந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை. எல்லாரையும் போல நானும் போட்டோ எடுத்தேன்.

குன்றின் மேல் ஒரு கற்பலகை இருக்கிறது. அதில் இளவரசன், புலி, குட்டிகள். நெய்ப்பிசுக்கும் குங்குமமும் படிந்து முகமெல்லாம் மழுங்கிவிட்டது.

கதை இதுதான். மகாரதன் என்ற அரசனுக்கு மூன்று மகன்கள். காட்டில் சுற்றப் போன இடத்தில், குட்டிபோட்டுப் பசியில் கிடக்கும் ஒரு தாய்ப்புலியைப் பார்க்கிறார்கள். எழுந்திருக்கத் தெம்பில்லை. விட்டால் குட்டிகளையே தின்றுவிடும் நிலை. அண்ணன்கள் இருவரும் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு நடக்கிறார்கள். கடைசித் தம்பி மகாசத்துவன், "ஒரு வேலை இருக்கு, நீங்க முன்னாடி போங்க" என்று பின்தங்கித் திரும்பி வந்து புலியின் முன்னால் படுத்துக்கொள்கிறான். அதற்குக் கடிக்கவும் வலுவில்லை. தன் கழுத்தைத் தானே மூங்கிலால் குத்தி ரத்தம் வரவைக்கிறான். ரத்தத்தை நக்கித் தெம்பு வந்த பிறகு புலி அவனைத் தின்கிறது. மிஞ்சிய எலும்புகள் மேல் எழுப்பியதுதான் ஸ்தூபி. பல பிறவிகள் கழித்து அவன் புத்தரானான். சுவர்ணபிரபாச சூத்திரத்தில் வருகிற வடிவம் இது. திபெத்தியர்கள் இந்த மலையை தாக்மோ லூஜின் என்கிறார்கள், தாய்ப்புலிக்கு உடல் கொடுத்த இடம் என்று அர்த்தம்.

ஒரு சிக்கல். கி.பி. 400 வாக்கில் வந்த சீன யாத்ரீகர் ஃபாஹியான் இதே சம்பவம் நடந்த இடத்தை இன்றைய பாகிஸ்தானில், தட்சசீலத்துக்குப் பக்கத்தில், எழுதிவைத்திருக்கிறார். அங்கேயும் பெரிய ஸ்தூபி. ஓட்டுநரிடம் சொன்னேன். "பசிச்ச புலி ஒண்ணேதான் இருக்கணுமா?" என்றார்.

ஆனால் என்னைத் தொந்தரவு செய்தது இன்னொரு வடிவம். ஆரியசூரர் சமஸ்கிருதத்தில் எழுதிய ஜாதகமாலையின் முதல் கதையே இந்தப் புலிதான். அதில் இளவரசன் இல்லை, ஒரு துறவி. கூடவே அஜிதன் என்ற சீடன். புலியைப் பார்த்ததும் துறவி சீடனிடம், இதற்கு ஏதாவது சாப்பிடக் கிடைக்குமா பார் என்று சொல்லி அனுப்புகிறார். அவன் போன பிறகு யோசிக்கிறார். வேறு இறைச்சி வேண்டுமென்றால் வேறொரு உயிர் சாக வேண்டும். முழு உடம்பு ஒன்று இங்கேயே இருக்கும்போது எதற்குத் தேடுவது? குதித்துவிடுகிறார். அஜிதன் வெறுங்கையோடு திரும்பி வந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்திருக்கிறது.

இந்தக் கதையைப் பல வருடத்துக்கு முன்பே படித்திருந்தேன். அப்போது அஜிதன் என் கண்ணில் படவே இல்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் என் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகின. வாரம் மூன்று டயாலிசிஸ். அண்ணிக்குச் சர்க்கரை, கொடுக்க முடியாது. அப்பா இல்லை. 1994ஆம் வருடச் சட்டப்படி நெருங்கிய உறவு என்று மிச்சமிருந்தது அம்மாவும் நானும். எனக்கு 29 வயது, ரத்த வகை பொருந்தியது. "கொடுக்கிறேன்" என்றும் நான் சொல்லவில்லை, "மாட்டேன்" என்றும் சொல்லவில்லை. "மொதல்ல எல்லா வழியும் பார்ப்போம்" என்றேன். மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் உறுப்புக்கான பட்டியலில் அண்ணன் பெயரைப் பதிந்தேன். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்பவர்களைப் பற்றிய ஆய்வுகளைப் படித்தேன். நிஜமாகவே நிறைய அலைந்தேன். நான் அலைந்துகொண்டிருந்தபோது அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்ட் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். 57 வயது.

"உனக்கு இன்னும் கண்ணாலம் ஆகல கண்ணு, நீ சும்மா இரு" என்றாள். நான் சும்மா இருந்தேன்.

அனுமதிக்கு முன்னால் நடந்த விசாரணையில், யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா என்று கேட்டிருக்கிறார்கள். "பெத்தவள எதுக்குங்க கட்டாயப்படுத்தோணும்?" என்று திருப்பிக் கேட்டாளாம். சொந்தக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார்கள். எனக்கு இப்போது அந்தப் பதிலே ஒரு கட்டாயம் மாதிரித்தான் கேட்கிறது. இந்தியாவில் உயிரோடு இருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெண்கள்தான் அதிகம், வாங்கிக்கொள்பவர்களில் ஆண்கள் அதிகம். அந்தப் பெண்களைக் கேட்டால் பாதிப் பேர் அம்மா சொன்னதைத்தான் சொல்வார்கள்.

யாருக்கும் தன் சிறுநீரகத்தைக் கொடுக்க வேண்டிய கடமை கிடையாது. இதை நான் முழுசாக நம்புகிறேன். எட்டாம் நூற்றாண்டு சாந்திதேவர் போதிசத்துவர்களுக்கே சலுகை கொடுத்திருக்கிறார். கருணை முதிராத ஆள் உயிரைத் தூக்கிக் கொடுக்க வேண்டாம், முதலில் காய்கறி மாதிரி ஏதாவது கொடுத்துப் பழகட்டும், தன் சதையும் காய்கறியும் ஒன்றாகத் தெரிகிற அன்றைக்கு மேலே பார்க்கலாம் என்கிற ரீதியில். இதைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் கடமை இல்லை என்றால் அம்மாவுக்கும்தான் இல்லை. என் சுதந்திரத்தை நான் யோசித்துக்கொண்டிருக்க முடிந்ததே அவள் யோசிக்காததால்தான். அவள் கொடுத்ததைத் தியாகம் என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. அம்மா கொடுத்தாள், அவ்வளவுதான். நான் கொடுத்திருந்தால் ஊரே பேசியிருக்கும்.

சூத்திரத்தின் கடைசியில் புத்தர் யார் யார் என்று பெயர் சொல்கிறார். மகனை இழந்து துடித்த அரசிதான் பிறகு மாயாதேவி. தின்ற புலி? மகாபிரஜாபதி. மாயாதேவி இறந்த பிறகு சித்தார்த்தனுக்குப் பால் கொடுத்து வளர்த்த சிற்றன்னை. எழுதியவர் யாரோ, தாய்மார்களின் கணக்கை எங்கேயோ பதிந்துவைக்க நினைத்திருக்கிறார் என்று தோன்றியது.

டீ குடிக்கும்போது ஓட்டுநரிடம் அண்ணன் விஷயத்தைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் கிழக்கே கையைக் காட்டினார். "அந்தப் பக்கம் ஹோக்சே. கிட்னி கிராமம்னு பேரு."

ஹோக்சே பற்றிப் பத்திரிகைகளில் நிறைய வந்திருக்கிறது. ஸ்தூபி இருக்கும் அதே கவ்ரே மாவட்டம். ஏழை விவசாயிகளைத் தரகர்கள் இந்தியாவுக்கு, தெற்கே நம் ஊர்வரை, கூட்டிவந்து சிறுநீரகத்தை எடுக்க வைத்தார்கள். கிடைத்த பணத்தில் வீடு கட்டியவர்களில் சிலருக்கு 2015 நிலநடுக்கத்தில் அந்த வீடும் போனது. நாம் ஒன்றும் அவர்களைப் பார்த்து உச்சுக்கொட்ட முடியாது. சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் கிட்னிவாக்கம் என்று பெயர். 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் செய்தி வந்ததே.

ஹோக்சேயில் தரகர்கள் சொன்ன ஒரு பொய் எனக்கு மறப்பதில்லை. எடுத்த சிறுநீரகம் திரும்ப முளைத்துவிடும் என்றார்களாம். படிக்காதவர்கள் நம்பிவிட்டார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். ஆனால் இது சிபிச் சக்கரவர்த்தி கதையின் முடிவு. புறாவுக்காகத் தொடையை அறுத்துக் கொடுத்த சிபிக்கு, வந்தது தேவர்கள் என்று தெரிந்து, சதையெல்லாம் திரும்ப வந்துவிடுகிறது. சோழர்கள் அவன் வழி என்று சொல்லிச் செம்பியன் பட்டம் வைத்துக்கொண்டார்கள். கொடுத்தால் திரும்ப வரும் என்று நமக்கு ஆயிரம் கதை சொல்லப்பட்டிருக்கிறது. தரகன் அதில் ஒன்றைத்தான் எடுத்துச் சொல்லியிருக்கிறான். புலிக் கதையில் மட்டும் தேவர் யாரும் வேடம் போட்டு வரவில்லை. புலி நிஜப் புலி. எலும்புதான் மிஞ்சியது. இந்த ஒரு நேர்மைக்காகவே எனக்கு இந்தக் கதை பிடிக்கிறது, இளவரசன் செய்தது சரிதானா என்று இன்னும் எனக்குத் தெரியாவிட்டாலும். அவனுக்கு எல்லாம் இருந்தது. மறுத்துவிட்டு அரண்மனைக்குப் போயிருக்கலாம், அண்ணன்கள் போனார்களே. ஹோக்சேக்காரர்களுக்குப் போக அரண்மனை இல்லை. அவர்கள் எலும்புக்கு ஸ்தூபியும் இல்லை.

கற்பலகைக்குப் பக்கத்தில் நின்று அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டேன். பனிமலையைக் காட்டினேன். "பஞ்சாட்ட இருக்குது" என்றாள். புலிக் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"சரி, ஒரு ஆளு ரெண்டு நாளைக்குத் தாங்கும். அப்புறம் அது என்னத்தத் தின்னுச்சு?"

"அது கதைல இல்லம்மா."

"குட்டிகளு?"

"அதுவும் இல்ல."

"என்ன கதையோ போ" என்றாள். பிறகு அண்ணன் விஷயத்துக்கு வந்தாள். மாத்திரை தீரப்போகிறது, வரும்போது வாங்கி வர வேண்டும். அந்த மாத்திரையைக் கடைசிவரை விடவே கூடாது, விட்டால் உடம்பு புதுச் சிறுநீரகத்தை ஏற்காது. கடைசியாகப் பார்த்தபோது அண்ணனுக்கு கிரியேட்டினின் 1.3லிருந்து 1.9 ஆகியிருந்தது. மருந்தளவை மாற்றிப் பார்ப்போம், பயாப்சி எடுக்க வேண்டி வரலாம் என்றிருக்கிறார் டாக்டர். இப்போது எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, ஒரு மகள் இருக்கிறாள். ரத்த வகை மட்டும் மாறவில்லை.

"ஏஞ் சாமி பேச மாட்டீங்கற?" என்றாள் அம்மா.

சிக்னல் சரியில்லை என்றேன். கீழே ஓட்டுநர் வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தார். விளக்கு விற்ற பாட்டியிடம் ஒன்று வாங்கி ஏற்றினேன், காற்றில் இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை பாட்டியே கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டார். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். பனேபாவில் டிராஃபிக் ஆகிவிடும், கிளம்பணும்.